உணவுச் செயலிகளில் பயனர்கள் பதிந்த கலோரி எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ராகவன், செம்பூர்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. கடந்த ஜூனில் எடுத்த இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகவும், ஆறு கிலோவாவது எடை குறைக்க வேண்டும் என்றும், அதற்கு ஒரு நாள் உணவை 1,700 கிலோகலோரிக்குள் (பேச்சு வழக்கில் கலோரி என்பது இதையே) வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அன்று முதல் கைப்பேசிச் செயலி ஒன்றில் வாயில் போடுவது அனைத்தையும் பதிந்துவருகிறேன். நான்கு மாதக் கணக்கின்படி என் சராசரி 1,640. எடையோ முக்கால் கிலோதான் இறங்கியிருக்கிறது. ஒரு நாளும் பதியாமல் விட்டதில்லை என்பதால், குறை என் ஒழுங்கில் இல்லாமல் நான் பதியும் எண்களில்தான் இருக்க வேண்டும் என்ற சந்தேகம் எனக்கு வலுத்துவிட்டது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த எண்களை ஆராய்ந்தேன். சாம்பார் என்று தேடினால் பல பதிவுகள் வருகின்றன. ஒரு கிண்ணத்துக்கு 58 என்கிறது ஒன்று, 92 என்கிறது இன்னொன்று. 139, 210 என்றும் உண்டு. கிண்ணம் எவ்வளவு பெரியது என்பது எந்தப் பதிவிலும் இல்லை. இட்லி ஒன்றுக்கு 39 முதல் 97 வரை காண்கிறேன். கிச்சடிக் கதை இன்னும் மோசம். எங்கள் வீட்டில் கிச்சடி என்றால் ரவா கிச்சடி. நாங்கள் வசிக்கும் மும்பையில் அந்தப் பெயருக்கு அரிசியும் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்த உணவு என்று பொருள். நான் இரண்டு மாதமாக அதன் எண்ணைத்தான் என் ரவா கிச்சடிக்கு எழுதிவந்திருக்கிறேன். வத்தக்குழம்பைத் தேடினால் ழகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றொருவர் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பதால், ஒரே குழம்பு ஐந்து பெயரில் ஐந்து எண்களோடு நிற்கிறது.

என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, “யாரோ வைத்த சாம்பாருக்கு யாரோ போட்ட கணக்கை நாம் வைத்த சாம்பாருக்கு எழுதிக்கொண்டால் அது எப்படிச் சரியாக இருக்கும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பயனர்களே சேர்க்கும் இப்பதிவுகளில் பிழை பொதுவாக எந்த வழியில் வருகிறது? பல பதிவுகளின் சராசரியை எடுத்துக்கொண்டால் உண்மைக்கு அருகில் வருமா? நம் சமையலுக்கு நம்பத்தகுந்த எண்கள் எங்கே கிடைக்கும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


முகுந்தன், நவி மும்பை:

ராகவன் அவர்களுக்கு வணக்கம். பொட்டல உணவு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். பொட்டலத்தின் பின்புறம் அச்சாகும் ஊட்டச்சத்துப் பட்டியலைத் தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. அதனால் இப்பிழைகளை நாள்தோறும் பார்க்கிறேன்.

முதலாவது, வெந்ததும் வேகாததும் கலந்துபோவது. பச்சரிசி 100 கிராமில் ஏறத்தாழ 356 கிலோகலோரி இருக்கிறது. அதையே சாதமாக வடித்தால் தண்ணீரை உறிஞ்சி இரண்டரை முதல் மூன்று மடங்கு எடைக்கு வந்துவிடுவதால், 100 கிராம் சாதத்தில் சுமார் 130தான் இருக்கும். பதிந்தவர் ‘அரிசி, 100 கிராம்’ என்று மட்டும் எழுதிவைத்தால், தட்டில் இருக்கும் சாதத்தை நிறுத்துப் பார்த்து அந்த எண்ணை எடுப்பவர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எழுதிக்கொள்வார். பருப்பிலும் இதே சிக்கல் எதிர்த்திசையில் நடக்கும்: வேகவைத்த பருப்பின் எண்ணைப் பார்த்துவிட்டு வேகாத பருப்பின் எடையைப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது, அலகு மாறிப்போவது. நம் நாட்டு உணவுப் பகுப்பாய்வு அட்டவணையை ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்டது. அதில் ஆற்றல் கிலோஜூலில் தரப்பட்டிருக்கிறது. ஒரு கிலோகலோரி 4.184 கிலோஜூல். இதைக் கவனிக்காமல் அரிசிக்கான 1,491 என்ற கிலோஜூல் எண்ணை அப்படியே கலோரிக் கட்டத்தில் தட்டிவிட்ட பதிவை நானே கண்டு திருத்தியிருக்கிறேன். சுத்தமான எண்ணெயே 100 கிராமுக்கு 900தான் என்பதால், அதற்கு மேல் எந்த உணவுக்கு எண் இருந்தாலும் அது தவறு என்று யோசிக்காமலே ஒதுக்கிவிடலாம்.

மூன்றாவது, பழைய பொட்டலம். நிறுவனங்கள் சேர்மானத்தை மாற்றுவதும் பொட்டலத்தின் எடையைக் குறைப்பதும் வழக்கம். பட்டைக்கோடு (பார்கோடு) மட்டும் மாறாமல் இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பதிந்த எண், நீங்கள் இன்று ஸ்கேன் செய்யும் பிஸ்கட்டுக்கு வந்து நிற்கும். ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் போன்ற திறந்த தரவுத்தளங்களில் பதிந்தவர் ஏற்றிய பொட்டலப் படமும் கூடவே இருப்பதால், ஐயம் வந்தால் படத்தைத் திறந்து ஒப்பிட்டுக்கொள்ள முடிகிறது. பயனர் பங்களிப்பு என்பதாலேயே ஒரு தரவு தாழ்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணோடு சான்றும் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பொட்டலங்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அமெரிக்கப் பட்டியலில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடங்கும். ஐரோப்பியப் பட்டியலில் நார்ச்சத்தைக் கழித்த பிறகு வருவதையே மாவுச்சத்து என்பார்கள்.

எந்தப் பதிவையும் ஏற்பதற்கு முன் அரை நிமிடச் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். புரதம் ஒரு கிராமுக்கு 4, மாவுச்சத்து 4, கொழுப்பு 9 என்று பெருக்கிக் கூட்டுங்கள். இது அமெரிக்க வேதியியலாளர் அட்வாட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறை. கூட்டுத்தொகை பதிவிலுள்ள கலோரியோடு ஏறத்தாழ ஒத்துவர வேண்டும். கொழுப்பு 12 கிராம் என்று எழுதிவிட்டு மொத்தம் 90 கலோரி என்றால், கொழுப்பு மட்டுமே 108 ஆகிறதே! நார்ச்சத்துக்கு 2 என்று வைப்பதால் சிறு வேறுபாடு வரும், அது பரவாயில்லை. ஆனால் இந்தச் சோதனையில் தேறிய எண் ஏதோ ஒரு உணவுக்குச் சரியாக இருக்கலாம் என்பதற்குத்தான் உறுதி. அது உங்கள் வீட்டு உணவுதானா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

சராசரி எடுப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாற்பது பேர் தனித்தனியே அளந்திருந்தால் சராசரிக்கு மதிப்பு உண்டு. இங்கே ஒருவர் பதிந்ததைப் பத்துப் பேர் நகலெடுத்துத் தங்கள் பெயரில் சேர்த்திருப்பார்கள். ஒரே பிழையைப் பத்து முறை கூட்டிப் பத்தால் வகுத்தால் அதே பிழைதான் வரும்.

அச்சிட்ட பட்டியலும் வேதவாக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க விதிகளின்படியே, சோதனையில் கிடைக்கும் கலோரி அச்சிட்டதைவிட 20 சதவீதம் வரை மிகுந்திருந்தாலும் பொட்டலம் விதிக்கு உட்பட்டதாகவே கருதப்படும்.


கற்பகம், மாட்டுங்கா:

ராகவன் தம்பி, உங்கள் மனைவி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த பிறகு மூன்று ஆண்டுகளாக நான் வீட்டிலேயே கணக்கு வைத்துவருகிறேன். தொடக்கத்தில் நானும் செயலியில் கிடைத்த எண்களை எடுத்துப் போட்டு, பிறகு கைவிட்டவள்தான். இப்போது செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

ஐந்து கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். சமையலுக்குப் பயன்படும் ஒவ்வொரு பாத்திரத்தையும் வெறுமையாக நிறுத்துக் குறித்துக்கொண்டேன். தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினால் ஆவியில் ஈரமாகிக் கிழிந்துவிடுகிறது. மார்க்கர் பேனாவால் பாத்திரத்தின் அடியில் எழுதினால் நான்கு தேய்ப்பில் போய்விடுகிறது. நம் வீட்டுப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் வழக்கம் இருக்கிறதல்லவா? இங்கே சந்தைக்கு அருகில் பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருபவரிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், பெயருக்குக் கீழே எடையையும் வெட்டச் சொன்னேன். சாம்பார் வைக்கும் பாத்திரத்தில் என் மாமியார் பெயரும் 1959 என்ற ஆண்டும் இருக்கும். அதன் கீழே இப்போது 1,090 என்று இருக்கிறது.

அந்தச் சாம்பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். துவரம்பருப்பு 150 கிராம், அது ஏறத்தாழ 495. தாளிக்கவும் சின்ன வெங்காயம் வதக்கவும் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 27 கிராம், அது 243. முருங்கைக்காய், பூசணிக்காய், வெங்காயம் எல்லாம் சேர்த்து 300 கிராமுக்கு 90 என்று வைக்கிறேன். புளி, சாம்பார்ப் பொடி, துளி வெல்லம் எல்லாவற்றுக்கும் 60. மொத்தம் 888. கொதித்து இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுத்தால் 2,940; அதில் 1,090ஐக் கழித்தால் சாம்பார் 1,850 கிராம். ஆக 100 கிராமுக்கு 48. என் கரண்டியில் ஒரு கரண்டி 110 கிராம் பிடிக்கும். இரண்டு கரண்டி ஊற்றினால் 106. இதை ஒருமுறை செய்துவிட்டு, செயலியில் ‘எங்கள் வீட்டுச் சாம்பார்’ என்று சொந்தப் பதிவாகப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் கணக்குப் போட வேண்டியதில்லை; பருப்பையோ எண்ணெயையோ மாற்றும்போது மட்டும் மறுபடி பார்த்தால் போதும்.

இட்லியும் இப்படித்தான். புழுங்கலரிசி 400 கிராம், உளுந்து 100 கிராம், இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,725. அரைத்து வழித்தால் மாவு 1,250 கிராம் வருகிறது. 100 கிராம் மாவுக்கு 138. என் இட்லித்தட்டில் ஓர் இட்லி 42 கிராம், அதனால் 58. வெளியே உணவகங்களில் வைக்கும் பெரிய இட்லியை ஒருமுறை பார்சல் வாங்கி வந்து நிறுத்தேன்; 75 கிராம் இருந்தது. மாவு நம்முடையதைப் போலவே இருந்தால்கூட அது நூற்றுக்கு மேல் போகிறது. நீங்கள் பார்த்த 39ம் 97ம் இரண்டுமே யாரோ ஒருவருடைய இட்லிக்குச் சரியாக இருந்திருக்கலாம்.

எண்ணெயைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் கோட்டைவிடுவது அங்கேதான். தோசைக்குச் சுற்றிலும் விடும் நல்லெண்ணெய் ஒரு தேக்கரண்டி என்றால் 40 கலோரி. மூன்று தோசைக்கு 120. இட்லிக்கு மிளகாய்ப்பொடி என்று செயலியில் பொடியை மட்டும் பதிவார்கள். குழைக்க ஊற்றிய இரண்டு கரண்டி எண்ணெய் கணக்கில் வராது. நான் காலையில் எண்ணெய்த் தூக்கை நிறுத்து வைத்துவிட்டு இரவில் மறுபடி நிறுப்பேன். வித்தியாசம்தான் அன்று எங்கள் வீட்டுக்குள் போன எண்ணெய். அப்பளம் பொரித்த அன்று வாணலியில் மீந்த எண்ணெயைக் கழித்துக்கொள்வேன். முதல் வாரம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என் கணவரே, “நாம் மூன்று பேரா இவ்வளவு சாப்பிடுகிறோம்?” என்று கேட்டார்.


தினகரன், டோம்பிவிலி:

மேலே எழுதியவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் இவ்வளவு துல்லியம் தேவையா என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. காலை 7.12 விரைவு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் சாம்பாரைப் பாத்திரத்தோடு தூக்கி நிறுக்க முடியாது. நான் பயனர் பதிவுகளை மட்டுமே வைத்து ஓர் ஆண்டில் ஒன்பது கிலோ குறைத்தேன். என் முறை எளிது. எண் தவறாகவே இருக்கட்டும், எப்போதும் ஒரே பதிவையே எடுக்க வேண்டும். செயலி 1,700 என்று காட்டும்போது எடை இறங்கவில்லை என்றால், 1,500 என்று காட்டும் அளவுக்குக் குறைத்துக்கொள்கிறேன். நேரம் காட்டும் கடிகாரம் பத்து நிமிடம் மெதுவாக ஓடுகிறது என்பது தெரிந்துவிட்டால், அதை வைத்துக்கொண்டே ரயிலைப் பிடிக்கலாம். வாராந்தர எடைதான் உண்மையான அளவுகோல். செயலியின் எண் வெறும் குறியீடு.


மீனாட்சி, முலுண்ட்:

நான் உணவியல் நிபுணராக ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் பணியாற்றுகிறேன். தினகரன் அவர்கள் சொல்லும் முறையில் உண்மை இருக்கிறது. ஒரே மாதிரியான உணவை நாள்தோறும் உண்பவருக்கு அது பலன் தரும், அவருக்கும் தந்திருக்கிறது. கடிகாரம் என்றும் பத்து நிமிடமே மெதுவாக ஓடும் என்றால் அவர் சொல்வது சரி. இன்று பத்து நிமிடம் பிந்தி, நாளை இருபது நிமிடம் முந்தினால் என்ன செய்வது? ராகவன் அவர்களின் நிலை அதுதான். வீட்டுச் சாம்பாருக்கு ஒரு பதிவு, அலுவலகக் கேன்டீன் சாப்பாட்டுக்கு வேறொருவருடைய பதிவு, ஞாயிறு விருந்துக்கு இன்னொன்று என்று ஒவ்வொன்றிலும் பிழையின் அளவும் திசையும் வேறு. அவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்று எண்ணுவதற்கு ஓர் இடையூறும் உண்டு. 58, 92, 139, 210 என்று நான்கு எண்கள் கண்முன் நிற்கும்போது நம் விரல் எதைத் தொடுகிறது? என்னிடம் வருபவர்களின் கைப்பேசியை வாங்கிப் பார்த்தால், மிகக் குறைந்த எண்ணுள்ள பதிவுதான் அடிக்கடி பயன்படுத்தியவை என்ற வரிசையில் முதலில் இருக்கிறது. யாரும் ஏமாற்ற வேண்டும் என்று செய்வதில்லை. அந்த எண் மனத்துக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான். தரவுத்தளத்தில் பிழைகள் இரு பக்கமும் சிதறிக் கிடந்தாலும், தேர்ந்தெடுக்கும் கை அவற்றை ஒரே பக்கமாகச் சாய்த்துவிடுகிறது.

உண்டதைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எவ்வளவு குறைத்து உண்டும் எடை இறங்கவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. ஐசோடோப்பு கலந்த நீரைப் பருகச் செய்து, உடல் செலவிடும் ஆற்றலை நேரடியாகக் கணிக்கும் முறையை அதில் பயன்படுத்தினார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த உணவுக் கணக்கு, உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. பத்துப் பேர் என்பது சிறிய குழுதான். அதே அளவு பிழை எல்லோரிடமும் இருக்கும் என்று பொருள் கொள்ளக் கூடாது. கைப்பேசிச் செயலிகளே இல்லாத காலத்திலும் நேர்மையாகக் கணக்கெழுதியதாக நம்பியவர்களிடம் இவ்வளவு இடைவெளி இருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ராகவன், உங்கள் ஒழுக்கத்தை நீங்கள் குறைசொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

கலோரியைத் தாண்டிய ஓர் ஆபத்தையும் குறிப்பிட விரும்புகிறேன். பயனர்கள் பதியும்போது கலோரி, புரதம், கொழுப்பு ஆகியவற்றை நிரப்பிவிட்டு மற்றக் கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுவார்கள். வெறுமையான கட்டத்தைச் செயலி பூஜ்யமாகவே கூட்டிவிடுகிறது. இரும்புச்சத்து போதவில்லை என்று செயலி காட்டியதை நம்பி ஒரு பெண் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். அவர் உண்ட கீரைக்கும் கேழ்வரகுக்கும் அந்தக் கட்டத்தில் யாரும் எதையும் எழுதவில்லை என்பதுதான் நடந்தது. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய சிறுநீரக நோயாளிகளுக்கு இதே வெறுமை எதிர்த்திசையில் தீங்கு செய்யும். அவ்வாறே, மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் யார் பதிந்தது என்று தெரியாத எண்ணை வைத்து ஊசி அளவைத் தீர்மானிக்கவே கூடாது. அவர்கள் தங்கள் மருத்துவரோடும் உணவியல் நிபுணரோடும் உட்கார்ந்து, வீட்டில் வழக்கமாகச் சமைக்கும் உணவுகளுக்குத் தனிப் பட்டியல் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

எண்கள் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். முகுந்தன் குறிப்பிட்ட தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைதான் நம் அரிசிக்கும் பருப்புக்கும் கீரைக்கும் முதல் ஆதாரம். 528 உணவுப் பொருள்களை நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து திரட்டி ஆய்வகத்தில் பகுத்திருக்கிறார்கள். இந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1958இல் ஹைதராபாதுக்குப் போனது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றும். ஆனால் அந்த அட்டவணையில் உள்ளவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். சாம்பாரையோ கூட்டையோ அதில் தேடக் கூடாது. பொருள்களின் எண்ணை அதிலிருந்து எடுத்து, கற்பகம் அம்மா செய்வதுபோல் பாத்திரத்தை நிறுத்து நாமே கணக்கிட வேண்டும். அவர் அம்முறையைத் தாமாகவே கண்டடைந்திருக்கிறார். உணவியல் வகுப்பில் எங்களுக்குக் கற்பித்ததும் அதுதான்.

மும்பைவாசிகளுக்காகப் பாலைப் பற்றி ஒரு வார்த்தை. பால் என்று தேடினால் வரும் பதிவுகளில் பல, 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பாலுக்கானவை. அது 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 58. இங்கே நிறைய வீடுகளில் தபேலா எனப்படும் எருமைக் கொட்டகையிலிருந்து வரும் பாலோ, 6 சதவீதக் கொழுப்புள்ள முழுக்கொழுப்புப் பாலோ காய்கிறது. அது 87ஐத் தொடும். தேநீரும் காபியும் தயிருமாக ஒருவர் நாளைக்கு அரை லிட்டர் பால் குடித்தால், இந்த ஒரு தேர்வில் மட்டுமே 145 கலோரி காணாமல் போகிறது.


ராகவன், செம்பூர் (பதினாறு நாள் கழித்து):

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தராசு வாங்கி, கற்பகம் அம்மாவின் வழியில் இரண்டு வாரம் வீட்டு உணவை அளந்தேன். அளந்தவள் பெரும்பாலும் என் மனைவிதான், நான் எழுதிக்கொண்டேன்.

எங்கள் சாம்பார் 100 கிராமுக்கு 55 வருகிறது. பருப்பு சற்றுக் கூடுதலாகப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். நான் சாப்பிடும் கிண்ணம் 230 கிராம் பிடிக்கிறது. எனவே ஒரு கிண்ணத்துக்கு 126. நான்கு மாதமாக நான் எழுதிவந்தது 58. மீனாட்சி அவர்கள் சொன்னதைப் படித்துவிட்டு என் கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். அடிக்கடி பயன்படுத்தியவற்றில் அந்த 58தான் முதலில் இருந்தது. நான்கில் அதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று நினைத்துப் பார்த்தால், சொல்வதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பெரிய ஓட்டை தேநீரில் இருந்தது. அலுவலக வாசலில் குடிக்கும் கட்டிங் சாய் (அரைக் கோப்பைத் தேநீர்) ஒன்றுக்கு 30 என்ற பதிவை வைத்திருந்தேன். கடைக்காரரிடம் கேட்டேன். எருமைப் பால்தான் காய்ச்சுகிறாராம், தண்ணீர் கொஞ்சம்தான். வீட்டில் அதே திடத்தில் போட்டு அளந்தபோது பால் 60 மில்லிலிட்டர், சர்க்கரை 6 கிராம் என்று வந்தது. இரண்டும் சேர்த்து 76. ஒரு நாளைக்கு நான்கு குடிக்கிறேன். தோசை எண்ணெயை நான் இதுவரை பதிந்ததே இல்லை. எல்லாம் திருத்திய பிறகு இரண்டு வாரச் சராசரி 2,060 என்று வந்திருக்கிறது. மருத்துவர் சொன்ன 1,700ஐ நான் ஒரு நாளும் தொட்டதில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

தினகரன் அவர்களின் கருத்திலும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். கேன்டீன் சாப்பாட்டை அளக்க வழியில்லாததால், அதற்கு ஒரே பதிவை, இருப்பதில் உயர்ந்ததாகப் பார்த்து நிலையாக வைத்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் அங்கே உண்பது என்றும் முடிவு செய்திருக்கிறேன். ‘எங்கள் வீட்டு’ என்ற அடைமொழியோடு இதுவரை பதினொரு பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. ரவா கிச்சடியும் அவற்றில் உண்டு. மற்றவர்கள் தவறாக எடுத்துவிடக் கூடாது என்பதால் அவற்றைப் பொதுவில் பகிரவில்லை.

ஒரு சிறு ஐயம் மிச்சம் இருக்கிறது. சாதம் குக்கரில் நேரடியாக வைக்கிறோம். குக்கரை நிறுக்கும்போது மூடி, வளையம், வெயிட் எல்லாவற்றோடும் நிறுக்க வேண்டுமா? ஐந்து கிலோ தராசில் அது சில நாள் ஏற மறுக்கிறது.


கற்பகம், மாட்டுங்கா:

மூடி வேண்டாம், தம்பி. ஆவி அடங்கித் திறந்த பிறகு அடிப்பாகத்தை மட்டும் நிறுத்தால் போதும். அதன் வெற்று எடையையும் அப்படியே மூடி இல்லாமல் எடுத்து, கைப்பிடிக்குக் கீழே வெட்டச் சொல்லிவிடுங்கள். அடியில் வெட்டினால் அடுப்பில் கருகி மறைந்துவிடும். சூடாக இருக்கும்போது தராசுத் தட்டின் மேல் மரப்பலகை ஒன்றை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகு குக்கரை ஏற்றுங்கள். என் முதல் தராசு சூட்டில்தான் போயிற்று.